பிரம்பு போன பிறகு: புது ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள்

தம்பி, தங்கைகளுக்கு,

ஆசிரியர் தேர்வு வாரியத்தின் பட்டியலில் பெயர் வந்து, கலந்தாய்வில் பேராவூரணிப் பக்கம் இடம் கிடைத்து, பட்டுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களிலேயே வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாடம் நடத்துவதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மதியச் சாப்பாடு முடிந்து, ஜன்னல் வழியே தோப்புக்காற்று வந்து கண்ணைச் சொருகும் ஐந்தாவது பீரியடில் ஒன்பதாம் வகுப்பை எப்படி உட்காரவைப்பது என்று பி.எட்.டில் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

1. முதலில் சட்டத்தைப் படியுங்கள்.

ஆசிரியர் அறையில் மூத்தவர்கள், "ஆர்.டி.ஈ. வந்துதான் எல்லாம் கெட்டுப்போச்சு" என்பார்கள். கணக்கு தப்பு. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளின் 51-ஆம் விதியைத் திருத்தி, பிள்ளைகளை அடிப்பதை அரசு தடுத்தது 2003-ல். ஆர்.டி.ஈ. என்கிற கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1-ல்தான்.

திருத்துவதற்கு முந்திய அந்தப் பழைய விதி என்ன சொன்னது என்று தெரிந்தால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். வேண்டுமென்றே பொய் சொல்வது, ஆபாசமான பேச்சு அல்லது செய்கை, அப்பட்டமான கீழ்ப்படியாமை ஆகியவற்றுக்கு மட்டும்தான் அடிக்கலாம். கையில்தான் அடிக்கலாம். ஆறு அடிக்கு மேல் கூடாது. அதுவும் தலைமையாசிரியரே அடிக்க வேண்டும், அல்லது அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். வாய்ப்பாடு வராததற்கும், ஹோம்வொர்க் எழுதாததற்கும், சீருடையில் பொத்தான் இல்லாததற்கும் எங்கள் தலைமுறை முதுகிலும் தொடையிலும் வாங்கியதெல்லாம் அன்றைய விதிப்படியே விதிமீறல். "அந்தக் காலத்துல அடிக்க அனுமதி இருந்துச்சு" என்று பெருமூச்சு விடுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இப்போதைய நிலை இது. கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. மீறுகிறவர்மேல் துறை நடவடிக்கை உண்டு. 16-ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது, ஆகவே "டி.சி.யைக் கிழிச்சுக் கையில கொடுத்துடுவேன்" என்பது வெறும் சவடால், பிள்ளைகளுக்கும் அது தெரியும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவு, பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் 2012-ல் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2024-ல் நம் கல்வித்துறை அவற்றை நடைமுறைப்படுத்தச் சொல்லி எல்லா மாவட்டங்களுக்கும் எழுதியது. அந்தச் சுற்றறிக்கை உங்கள் பள்ளி அலுவலகத்தில் ஏதாவது ஒரு ஃபைலில் இருக்கும். கேட்டு வாங்கிப் படியுங்கள்.

2. பெற்றோர் கொடுக்கும் லைசென்ஸ் செல்லாது.

"கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சுப்புடுங்க சார்." சேர்க்கை நாளில் இதைச் சொல்லாத அப்பன் இந்தப் பக்கம் குறைவு. அவர் உங்களுக்கு மரியாதை செய்கிறார், அவ்வளவுதான். அவர் பிள்ளையை அவரே அடிக்கட்டும் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அனுமதி தந்தார் என்று நாளைக்கு நீங்கள் எந்த விசாரணையிலும் சொல்ல முடியாது. பையனுக்குக் காது வீங்கினால் அவரே போலீஸ் ஸ்டேஷனில் நிற்பார். நின்றால் நியாயம் அவர் பக்கம்.

3. பிரம்பைக் கீழே வைத்தவர்கள் நாக்கை எடுக்காதீர்கள்.

இதற்காகத்தான் இந்தக் கடிதமே. அடி நின்றுபோன பள்ளிகளில் நான் பார்த்த மாற்றம், கையில் இருந்தது வாய்க்குப் போனதுதான். அடிக்கு மார்க்கு தெரியும், வீட்டில் கேட்பார்கள். சொல்லுக்குத் தழும்பு தெரியாது என்பதால் நமக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது. 17-ஆம் பிரிவு இரண்டையும் ஒரே வரியில் வைத்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

மற்ற ஊர்களில் "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பார்கள். பேராவூரணியில் அது "தேங்காய் உரிக்கத்தான் லாயக்கு" என்று ஆகும். இதை நான் பல வாய்களில் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் யோசிப்பதில்லை: அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருடைய அப்பா தோப்பில் தேங்காய் உரிக்கிறார்? ஒருநாள் காலையில் ஏதாவது ஒரு களத்துக்குப் போய்ப் பாருங்கள். பாரையைத் தரையில் ஊன்றி, கூர்முனையில் காயைக் குத்தி, இடுப்பால் ஒரு அழுத்து, மணிக்கட்டால் ஒரு திருப்பு. மட்டை மூன்று நான்கு துண்டாய்க் கழன்று விழும். குடுமி மட்டும் காயில் நிற்கும், ஓட்டில் கீறல் இருக்காது. கொஞ்சம் கை தவறினால் பாரை உள்ளங்கையில் ஏறிவிடும். உங்களையும் என்னையும் உரிக்கச் சொன்னால் பத்துக் காய்க்குள் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அப்படிப்பட்ட வேலையைத்தான் திட்டுவதற்கு எடுத்துக்கொள்கிறோம். பையன் தலையைக் குனிவது படிக்காததற்காக இல்லை. அப்பாவுக்காக.

எந்தத் தொழிலையும் வசவாக்காதீர்கள். கயிறு மில்லில் நார் அள்ளும் அம்மா, மல்லிப்பட்டினத்தில் வலை இழுக்கும் அண்ணன், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன அக்கா, யாரையும் உதாரணம் காட்டி "அப்படி ஆயிடாதே" என்று சொல்லாதீர்கள். பட்டப்பெயர், உடம்பைப் பற்றிய கேலி, "உன் அண்ணன் எப்படிப் படிச்சான் தெரியுமா" என்கிற ஒப்பீடு, எல்லாம் இதே கணக்குத்தான்.

4. "அடியாத மாடு படியாது" என்பவர்களுக்குக் கொஞ்சம் சரித்திரம்.

"முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்" என்று பழமொழியோடு வருவார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அடி இருந்தது உண்மை. விட்டத்தில் கயிறு கட்டிப் பிள்ளையைக் கையால் பிடித்துத் தொங்கச் சொல்லும் கோதண்டம் இருந்தது. காலில் கட்டை மாட்டுவது இருந்தது. இல்லை என்று பூசி மெழுக வேண்டாம். ஆனால் அந்தப் பள்ளிக்கூடங்களில் வேறு ஒன்றும் இருந்தது. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தான், மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள், வாத்தியார் இல்லாத நேரத்தில் சட்டாம்பிள்ளை வகுப்பைப் பார்த்துக்கொண்டான். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட, 1855-ல் பிறந்த உ.வே.சாமிநாதையர், 'என் சரித்திரம்' நூலில் தம் பள்ளி நாட்களை எழுதியிருக்கிறார். நம் மாவட்டத்துக்காரர், தேடிப் படியுங்கள்.

1790-களில் சென்னை எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தம் இல்லத்தில் கொண்டுவந்தார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே நடத்தினார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பேரோடு அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பெல் அடியை நம்பியவர் இல்லை. வாரம் முழுக்க நடந்த குற்றங்களை ஒரு கறுப்பு நோட்டில் எழுதிவைத்து, வார முடிவில் பிள்ளைகளையே நடுவர்களாக உட்காரவைத்துத் தீர்ப்புச் சொல்லவைத்தார். அதே காலத்தில் லண்டனில் இதே முறையை நடத்திய ஜோசப் லங்காஸ்டரும் பிரம்பு வேண்டாம் என்றவர்தான். ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டை மாட்டினார். கூடையில் உட்காரவைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டு மற்றவர்களை வேடிக்கை பார்க்கச் சொன்னார். நம் கட்டையும் கோதண்டமும் ஏழு கடல் தாண்டி அங்கே தானாகவே முளைத்திருக்கின்றன. பிரம்பை விட்டவுடன் அவமானத்தைக் கையில் எடுக்கும் புத்தி இரு நூறு வருஷத்துக்கு முந்தியே இருந்தது என்பதற்காகத்தான் இந்தக் கதை.

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் பிரம்பு போனது 1987-ல். போலந்து 1783-லேயே விட்டுவிட்டது. சிங்கப்பூரில் ஆண்பிள்ளைகளுக்கு இன்னமும் ரோத்தான் என்கிற பிரம்படி உண்டு. நம் ஊர்ச் சிங்கப்பூர்க்காரர்கள் விடுமுறையில் வந்து அதை மெச்சிப் பேசுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், பதில் சொல்ல வேண்டாம்.

5. முதல் வாரத்தில் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள்.

"ஏய், மூணாவது பெஞ்ச்சு" என்று கூப்பிடுகிற வாத்தியாருக்கு மூன்றாவது பெஞ்ச்சில் யாரும் அடங்க மாட்டார்கள். பெயர் சொல்லி, குரலை உயர்த்தாமல் கூப்பிட்டால் பாதிச் சத்தம் அதிலேயே நின்றுவிடும். விதிகள் மூன்று நான்குக்கு மேல் வைக்காதீர்கள். வைத்ததை ஒருநாளும் விட்டுக்கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை கண்டிப்பு, செவ்வாய்க்கிழமை கண்டுகொள்ளாமை என்று இருந்தால், புதன்கிழமை உங்களைச் சோதித்துப் பார்க்காத பிள்ளைதான் அசடு. மணி அடித்த பிறகு கிளம்பாதீர்கள். மணி அடிக்கும்போது வகுப்பு வாசலில் இருங்கள். வாத்தியார் இல்லாத அந்த ஐந்து நிமிஷத்தில் மூண்ட சண்டையை அடக்கத்தான் மீதி நாற்பது நிமிஷமும் போகும்.

6. கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள்.

தாமதமாக வருகிற பையனை வெளியே நிறுத்துமுன் ஏன் என்று கேளுங்கள். கடற்கரை ஊர்களில் விடியற்காலை கரைக்கு வரும் படகில் மீன் தரம் பிரித்துவிட்டு, அப்படியே குளித்து வருகிறவன் இருப்பான். டவுன் பஸ் ஒரு நடை வராவிட்டால் ஒரு கிராமமே அன்றைக்குத் தாமதம்.

பதினோரு மணிக்கு மேசையில் தலை சாய்க்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளையைத் திட்டுமுன் ஒரு கணக்கைப் பாருங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றுதான் தொடங்கியது. போன வருஷம் வரை பள்ளியில் பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்ட பிள்ளைக்கு, ஆறாம் வகுப்பில் காலடி வைத்ததும் மத்தியானச் சத்துணவு வரைக்கும் பட்டினி. ஒழுங்கீனம் என்று நாம் எழுதிவைக்கிற பலதும் பசி.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் இந்தப் பகுதித் தோப்புகளை வேரோடு சாய்த்துப் போட்டது. பள்ளி திறந்த பிறகும் ரொம்ப நாளைக்குப் பிள்ளைகள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தான். கிறுக்கல் என்று நினைத்து, "என்னடா இது?" என்று கேட்டேன். "எங்க கொல்லைல விழுந்த மரம் சார். சாயாததுக்கு மட்டும் வட்டம் போட்டிருக்கேன்" என்றான். பக்கத்தில் வட்டம் இரண்டோ மூன்றோதான் இருந்தது. கன்று வைத்துக் காய்க்கக் குறைந்தது ஐந்தாறு வருஷம் ஆகும் என்பது அந்த வயசிலேயே அவனுக்குத் தெரியும்.

7. படிப்பையே தண்டனையாக்காதீர்கள்.

இம்போசிஷன் நூறு தடவை எழுதியவனுக்கு அந்தச் சொல்மேல் வெறுப்பு வரும், எழுத்து இன்னும் கோணும். விளையாட்டுப் பீரியடைப் பிடுங்கிக்கொள்வதும் கூடாது. மற்ற பீரியடில் துள்ளுகிறவனுக்குத்தான் அந்த நாற்பத்தைந்து நிமிஷம் அவசியம் தேவை.

8. யாரிடம் துடைப்பத்தைக் கொடுக்கிறீர்கள் என்று கவனியுங்கள்.

கழிவறையைச் சுத்தம் செய்யச் சொல்வதெல்லாம் தண்டனை இல்லை, குற்றம். அதுவும் எந்தத் தெருப் பிள்ளையிடம் சொல்கிறோம் என்று பார்த்தால் இன்னும் பெரிய குற்றம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை, அகர வரிசையில் இருக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியாமல் பார்த்துக்கொள்வது என்று பலவற்றைச் சொன்னது. அரசு எதை ஏற்கும், எப்போது ஏற்கும் என்று காத்திருக்க வேண்டாம். அகர வரிசையில் உட்காரவைக்க உங்களுக்கு யாருடைய அரசாணையும் தேவையில்லை.

ஒரு மாதத்துக்கு ஒரு சின்ன நோட்டில் குறித்து வாருங்கள்: இன்று யாரைத் திட்டினேன், யாரைத் தனியே கூப்பிட்டுப் பேசினேன். ஒரே தப்புக்கு ஊர்ப் பெரியதனக்காரர் மகனுக்குப் பேச்சும், ஒதுக்கப்பட்ட தெருப் பிள்ளைக்குத் திட்டும் போயிருந்தால் அந்த நோட்டே காட்டிக்கொடுக்கும். பிள்ளைகள் இதை நமக்கு முன்னாலேயே கண்டுபிடித்து வைத்திருப்பார்கள்.

9. கோபம் வந்தால் கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதியை எழுதுங்கள். எழுதியிருந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். சுண்ணக்கட்டி கையில் இருக்கும்வரை கை ஓங்காது. கண்டிக்க வேண்டியதை மணி அடித்த பிறகு, வராந்தாவில், அவனிடம் மட்டும், நாலு வரியில் சொல்லி முடியுங்கள். நாற்பது பேர் முன்னால் சொன்னால் அவன் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டான், அந்த நாற்பது பேருக்குத்தான் பதில் சொல்வான்.

10. கரும்பலகையில் 'பேசியவர்கள்' பட்டியலை ஒழியுங்கள்.

லீடர் பெயர் எழுதுவான். பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி, அதற்கும் மேல் 'மி.மி. பேசியவன்'. இதைப் படிக்கிற எல்லோரும் ஒருநாளாவது அதில் இருந்திருப்போம். அந்தப் பட்டியலில் நண்பன் பெயர் ஏறாது. மாங்காய் கொடுத்தவன் பெயர் அழியும். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு லஞ்சம் வாங்கக் கற்றுக்கொடுக்கும் வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும்? லீடருக்குச் சாக்பீஸ் எடுத்துவருவது, வராதவனுக்கு நோட்டு கொடுப்பது மாதிரி வேலைகளைக் கொடுங்கள்.

11. எல்லாவற்றுக்கும் பி.டி. சாரிடம் அனுப்பாதீர்கள். விசில் ஊதிக்கொண்டு மைதானத்தில் நிற்கிற அந்த மனிதரைப் பள்ளிக்கூடத்துப் பூச்சாண்டியாக்கிவிட்டோம். உங்கள் வகுப்பில் நடந்ததை நீங்களே தீர்க்காமல் அடுத்தவரிடம் தள்ளிவிட்டால், மறுநாளில் இருந்து அந்த வகுப்பில் உங்கள் சொல் எடுபடாது.

இதோடு தலைமுடிப் பிரச்சினை வேறு. நெளிநெளியாகக் கோடு போட்டுக்கொண்டு வருகிறவனை வகுப்பிலேயே கத்தரிக்கோலோடு துரத்தாதீர்கள். அதுவும் உடம்பில் கை வைப்பதுதான். வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், முடி தானே, வளரும்.

12. சில விஷயங்கள் உங்கள் கைக்கு மீறியவை. கன்னத்தில் கூல் லிப் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன், கையில் கீறிக்கொள்கிற பெண், வீட்டுக்குப் போகப் பயந்து மாலை ஆறு மணி வரை பள்ளி வாசலிலேயே நிற்கிற பிள்ளை. இவர்களிடம் ஒழுக்கப் பாடம் நடத்தாதீர்கள். தலைமையாசிரியரிடம் அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள், ஆலோசகரைக் கேளுங்கள்.

வகுப்பறையில் கரும்பலகையின் ஓரத்தில் இரண்டு எண்களைப் பெரிதாக எழுதிவையுங்கள்: குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக் கல்வித்துறையின் உதவி மையம் 14417. எதற்கு என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நம்மேல் புகார் சொல்லவும் அவர்கள் கூப்பிட வேண்டிய எண்கள் அவைதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.